நேட்டால் கரும்புக்காட்டு ஆவிக் காதல் நாவல்: பாதியில் நிற்கிறது, முடிப்பதும் வெளியிடுவதும் எப்படி?

வெருலம்_கரும்பு

வணக்கம். தமிழில் ஓர் அமானுஷ்யக் காதல் நாவல் பாதியில் நிற்கிறது. களம் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் வடகரை, டொங்காட் - வெருலம் பக்கத்துக் கரும்புக்காடு. நாயகன் 1889 செப்டம்பரில் சென்னையிலிருந்து கப்பலேறி வந்த ஒப்பந்தக் கூலி. வந்தபோது வயது 22. 1894இல் தோட்டத்துத் தீயில் செத்துப்போனவன். நாயகி இன்றைய டர்பனில் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவள், வயது 29. பழைய கப்பல் பட்டியலைக் கணினியில் ஏற்றும்போது அவனுடைய எண்ணைத் தட்டச்சு செய்கிறாள், அவன் வந்து நிற்கிறான். இதுவரை 16 அத்தியாயம், சுமார் 31,000 சொல்.

இருவரும் நெருங்கிவிட்டார்கள். இனிமேல் என்ன என்பதுதான் சிக்கல். சண்டை மூட்டினால் செயற்கையாக இருக்கிறது. செத்தவனும் உயிரோடு இருப்பவளும் கடைசியில் எப்படிச் சேர்வது? முடித்தபின் எங்கே கொண்டுபோவது? சென்னைப் பதிப்பகத்துக்கு அனுப்புவதா, அமேசானின் கிண்டிலில் மின்னூலாக நாமே போடுவதா, ஆங்கிலத்தில் திருப்பி எழுதுவதா? "மனசு சொல்கிறபடி எழுதுங்கள்" என்கிற மாதிரி பதில் வேண்டாம், விவரமாகச் சொல்லுங்கள்.

முருங்கைமர_வேதாளம்

நெருங்கியபின் சண்டை மூட்ட வேண்டியிருக்கிறது என்றால், கதைக்குள் முன்பே இருந்திருக்க வேண்டிய தடை இல்லை என்று அர்த்தம். சின்னதாக ஒரு சோதனை. அவன் ஆவியில்லை, வேற்றூர்க்காரன் என்று மாற்றிப் பாருங்கள். கதை அப்படியே ஓடினால் ஆவி வெறும் சரிகை வேலை. அடுத்து, காதலை உருவிவிட்டுப் பாருங்கள். மர்மம் மட்டும் தனியே நின்றால் அது பேய்க்கதை. எதை உருவினாலும் மொத்தமும் சரிய வேண்டும், அப்போதுதான் இந்த வகை.

அதற்கு ஒரே ஒரு விதி போதும். "முடியாது" என்று முடிகிற ஒற்றை வாக்கியம். உங்கள் கதைக்குள்ளேயே அது கிடக்கிறது, எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒப்பந்தம் 5 வருடம். 1889 செப்டம்பரில் வந்தவன் 1894 ஜூலையில் செத்தான் என்று வையுங்கள். 4 வருடம் 10 மாதம், மிச்சம் 2 மாதம். உயிரோடு இருந்தபோது எழுத்துச் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாதவன், செத்தபின்னும் எல்லையைத் தாண்ட முடியாது. தாண்டினால்? இங்கேதான் விலை வேண்டும். ஒவ்வொரு முறை தாண்டும்போதும் ஒரு நினைவு அழியும். முதலில் கிராமத்துக் கிணறு, அப்புறம் தங்கச்சி பெயர், அப்புறம் அம்மா முகம். அவளைப் பார்க்க வருவதற்கே அவன் தன்னைச் செலவழிக்கிறான். கடைசியில் மிஞ்சும் நினைவு அவளாகத்தான் இருக்கும், அதையும் செலவழித்தால்தான் இன்னொரு முறை வர முடியும். இனிச் சண்டை எதற்கு?

இதை ஒரே ஒரு தாளில் மூன்று பத்தியாக எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள்: அவனால் என்ன முடியும், என்ன முடியாது, எதற்கு என்ன விலை. முதல் கால்பகுதிக்குள் வாசகருக்குத் தெரியாத எந்தச் சக்தியும் உச்சக்கட்டத்தில் உதவிக்கு வரக் கூடாது. இந்த வகையில் விழும் நாவல்களில் பாதி இதில்தான் விழுகின்றன. சண்டைக்கு நடுவில் அவனுக்குத் திடீரென்று தீயை அடக்கத் தெரியும், வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஓட்டை விழும் சில்லறை இடங்களும் உண்டு. சுவரை ஊடுருவுகிறவன் நாற்காலியில் எப்படி உட்காருகிறான், தரை ஏன் அவனைத் தாங்குகிறது? செத்தபோது உடுத்திய துணிதானா எப்போதும்? கைப்பேசிப் படத்தில் விழுவானா? மற்றவர்களுக்குக் கேட்குமா? பதில் எதுவாகவும் இருக்கலாம், 4ஆம் அத்தியாயத்தில் சொன்னதுதான் 24இலும் இருக்க வேண்டும். உங்களுடையதில் ஒரு முரண் இப்போதே தெரிகிறது: எல்லை உண்டென்றால் டர்பன் காப்பகத்துக்கு முதல் நாளே எப்படி வந்தான்? அந்த முதல் வருகைக்கும் ஒரு நினைவு போயிருக்க வேண்டும். எது போனது என்று அவனுக்கே தெரியாமல் வைத்து, பின்னால் அவள் பதிவேட்டிலிருந்து கண்டுபிடிக்கட்டும்.

இனி முடிவு. அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம், அதாவது ஆர்.டபிள்யு.ஏ., இந்த வகைக்கு இரண்டே நிபந்தனை சொல்கிறது: காதல் கதை மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அழவைத்து அனுப்பினால் இலக்கியமாக இருக்கலாம், அட்டையில் காதல் நாவல் என்று போடாதீர்கள்.

செத்தவன் - உயிரோடிருப்பவள் கணக்குக்குப் பொதுவாக நாலு வழி. அவள் செத்து அவனிடம் போவது, இதை வாசகர் ஏற்பதில்லை, தற்கொலையைப் போற்றுவதுபோலவும் ஆகிவிடும். வருடத்தில் சில நாள் மட்டும் அவன் உடலோடு வருவது, இது தொடர்வரிசைக்குச் சரி, ஒற்றை நாவலுக்கு அரைவயிறு. மூன்றாவது மறுபிறவி. ஏழேழு பிறவி என்பது நமக்கு ஊறிப்போன சங்கதி, ஆனால் கணக்குப் பாருங்கள்: அவன் இப்போது போய்ப் பிறந்தால் அவளுக்கு 29, அவன் கைக்குழந்தை. மறுபிறவி வேண்டுமென்றால் அது முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும், அப்புறம் இந்த ஆவி யார் என்ற கேள்வி வரும். உங்கள் கதைக்கு அது பொருந்தாது.

நாலாவது, அவன் உயிர் பெறுவது. இதுதான் உங்களுக்கு. ஆனால் விதியை உடைத்து அல்ல, கடனை அடைப்பதுபோல அடைத்து. மிச்சமுள்ள 2 மாத வேலையை உயிருள்ள கை செய்து முடித்தால் ஒப்பந்தம் தீரும். காப்பகத்தில் கணினி தட்டியவள் கத்தி பிடித்துக் கரும்பு வெட்டட்டும். கை கொப்புளிக்கும், சிராய்க்கும், மேலாளர் விடுப்பு தரமாட்டார். கடைசிக் கால்பகுதிக்கு வேண்டிய சம்பவம் எல்லாம் அதிலேயே கிடைக்கும். அவன் 27 வயது உடம்போடு, மூப்பும் சாவும் உள்ள மனிதனாக எழுவான், பழைய நினைவு ஒன்றும் இருக்காது. அவனுடைய கதையை அவனுக்கே அவள் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக் கடைசியில் இரண்டு அத்தியாயம் ஒதுக்குங்கள். உயிர் பெற்ற மறுபக்கத்திலேயே "முற்றும்" போடாதீர்கள், வாசகர் ஏமாந்துபோவார்.

மொத்தம் 30 அத்தியாயம் என்றால், விதி 7க்குள் தெரிய வேண்டும், விலை கண்ணுக்குத் தெரிவது 15இல், விதியாலேயே பிரிவு 22 அல்லது 23இல், சேர்வது 28இல். நீங்கள் 16இல் நிற்பதால், ஒரு அத்தியாயம் பின்னால் போய் முதல் நெருக்கம் நடந்த இரவின் முடிவில் அவன் எதையோ மறந்துவிட்டதை அவள் கவனிப்பதாக மாற்றுங்கள். நின்ற வண்டி நகரும்.

சிர்தார்_கணக்கு

மேலே சொன்னவை சரி. சரித்திரப் பக்கத்தில் சில திருத்தம்.

நேட்டாலில் வேலையாட்களை மேய்த்தவன் சிர்தார். கங்காணி என்பது இலங்கை, மலாயா வழக்கு. அதேபோல வேலையாட்களின் வரிசை வீடுகளுக்கு இங்கே லயம் என்ற பெயர் கிடையாது, பாரக்ஸ். தமிழ்நாட்டு வாசகருக்குக் கங்காணி பழக்கம் என்பதற்காக மாற்றாதீர்கள், ஒரு முறை விளங்க வைத்தால் போதும்.

கூலி முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். அப்படியென்றால் செத்த வருடத்தில் அவன் வாங்கியது 14. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்கள்மேல் போட்ட மூன்று பவுன் வரியை அவன் வாயில் வைக்க வேண்டாம். அந்தச் சட்டம் 1895இல் வந்தது, அதன்பின் ஒப்பந்தம் செய்தவர்களுக்கே பொருந்தியது, 1914இல் நீங்கியது. 1894இல் செத்தவன் அதை நினைத்துப் புலம்பினால் தெரிந்தவர் சிரிப்பார். ஆவியாகச் சுற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டான் என்றால் அது வேறு விஷயம்.

தீ: அறுவடைக்கு முன் திட்டமிட்டு எரிப்பது பின்னாளில் பரவிய வழக்கம். 1894க்கு விபத்துத் தீ என்று வைத்தால் கேள்வி எழாது.

பதிவேட்டில் இருப்பது குடியேற்ற எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கப்பல், யாரிடம் வேலை. 1860 நவம்பர் 16இல் 'ட்ரூரோ' வந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் வந்ததாகக் கணக்கு. 1889க்கு எந்த எண், எந்தக் கப்பல் என்பதைக் கப்பல் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டே எழுதுங்கள். டர்பனை ஒட்டிய வெஸ்ட்வில்லில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி - லுத்துலி ஆவண மையத்தில் பட்டியல்கள் இருக்கின்றன. ஆனால் உண்மையான ஒருவரின் எண்ணை நாயகனுக்குக் கொடுக்காதீர்கள். அவருடைய கொள்ளுப்பேத்தி டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உட்கார்ந்து படிக்கக்கூடும். பட்டியலில் வரவே முடியாத பெரிய எண்ணாகப் போட்டுவிடுங்கள்.

எழுத்தர் கை வைத்த பெயர்களை விட்டுவிடாதீர்கள். முதலியார் மூட்லி ஆனதும், கவுண்டர் கவெண்டர் ஆனதும், முனுசாமி மூன்சாமி ஆனதும் இந்தப் பேனாவில்தான். அவன் சொல்லும் பெயரும் தாளில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாது. நினைவு அழிகிற கதைக்கு இதைவிடக் கைகொடுப்பது எது?

தெற்குவானம்

நிலா பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த வகை நாவலில் பத்துப் பக்கத்துக்கு ஒரு நிலா வரும், சென்னையில் எழுதிய கதைகளைப் படித்துப் படித்து நாமும் வடக்கு நிலாவையே எழுதிவிடுகிறோம்.

டர்பனில் வளர்பிறைக்கு இடப்பக்கம் வெளிச்சம், தேய்பிறைக்கு வலப்பக்கம். சூரியனும் நிலாவும் உச்சிக்குப் போகும்போது வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும், தெற்கில் தேடாதீர்கள். பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தில்தான் எழும், நள்ளிரவில் எழாது. நள்ளிரவில் அது உச்சியில் இருக்கும். அடுத்தடுத்த நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி எழும். மூன்றாம் பிறை சாயங்காலம் மேற்கில் தெரிந்து சீக்கிரமே மறைந்துவிடும், அந்த வெளிச்சத்தில் விடிய விடியக் காதலிக்க முடியாது. ஜூன், ஜூலைப் பௌர்ணமி வானத்தில் நன்றாக உயரும், டிசம்பரில் தாழ்ந்து போகும்.

இருட்டில் மட்டும் வருகிறவன் என்றால் நேரக் கணக்கும் வேண்டும். ஜூன் கடைசியில் சூரியன் சுமார் 5 மணிக்கு மறைந்து காலை 6.50 போல எழும், 14 மணி நேர இரவு. டிசம்பரில் மறைவது 7ஐ ஒட்டி, எழுவது 5க்கு முன்பே, 10 மணி நேரம்தான். கதை குளிர்காலத்திலிருந்து கோடைக்கு நகர்ந்தால் அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் தானாகவே குறையும். காசில்லாமல் கிடைக்கிற பதற்றம், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆடி இங்கே குளிர்காலம், மழை குறைந்த காலம். கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் சோவென்று மழை வைக்காதீர்கள். இடியும் மழையும் தைப்பூசக் காவடிப் பக்கம், அது நடுக்கோடை. 1894 ஜூலைத் தீ பரவ வேண்டுமா, உள்நாட்டிலிருந்து இறங்கும் பெர்க் காற்றை வையுங்கள். குளிர்காலத்தில் திடீரென்று சூடாக, வறட்சியாக அடிக்கும், பின்னாலேயே குளிர் வரும். வடகரையில் வளர்ந்த வாசகருக்கு அந்தக் காற்றைச் சொன்னாலே கரும்புத்தீ ஞாபகம் வந்துவிடும்.

வெருலம்_கரும்பு

இரண்டு மாத வேலையை அவள் செய்வது... அதை ஏன் யோசிக்கவில்லை என்று இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி. இன்னும் மூன்று கேள்வி. துணைப் பாத்திரமாக ஒரு காட்டேறி வருகிறாள், இரத்தம் குடிப்பவள், வில்லி. வைக்கலாமா? நெருக்கக் காட்சியை எவ்வளவு தூரம் எழுதலாம்? வெளியீடு பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

முருங்கைமர_வேதாளம்

வேண்டாம். காட்டேறியைக் கும்பிடுகிற குடும்பங்கள் நேட்டாலில் உண்டு, பிள்ளை பிறந்த வீட்டில் படையல் வைப்பார்கள். மேற்கத்திய இரத்தம் குடிக்கும் பேய்க்குத் தமிழில் "இரத்தக் காட்டேறி" என்று யாரோ பெயர் வைக்கப் போய் இந்தக் குழப்பம். முனீஸ்வரனும் அப்படித்தான், வீட்டுக்குக் காவல் நிற்கும் சாமி. வில்லி வேண்டுமென்றால் மோகினி, குறளி இருக்கிறார்கள், அல்லது நீங்களே ஒன்றைப் படையுங்கள். டொக்கொலோஷி என்கிற ஜூலு மக்களின் குட்டிப் பேயையும் சிரிப்புக்காக இழுத்துவராதீர்கள், அதற்குப் பயந்து கட்டில் காலுக்குச் செங்கல் வைத்த வீடுகள் இருந்த ஊர் இது. உங்கள் கதைக்கு வில்லியே தேவையில்லை என்பது என் எண்ணம். விதியே போதிய வில்லன்.

நெருக்கம்: தமிழில் இதற்கான சொற்கள் ஒன்று மருத்துவப் புத்தகம், இல்லையென்றால் தெருச்சண்டை. நடுவில் இருப்பது குறைவு. அதனால் பெயர்ச்சொல்லைக் குறைத்து வினைச்சொல்லில் எழுதுங்கள். ஆவி நாயகனுக்கு இன்னொரு வசதி, தொடுதலையே படிப்படியாக விதியாக்கலாம். முதலில் அவள் விரலில் குளிர் மட்டும், பிறகு எடை, பிறகு சூடு. ஒவ்வொரு படிக்கும் ஒரு நினைவு போகட்டும். வெட்கத்துக்காகக் காட்சியை வெட்டி "விளக்கு அணைந்தது" என்று போட்டால், விலை எங்கே செலுத்தப்பட்டது என்பது வாசகருக்குத் தெரியாமல் போகும்.

அவன் அவளை மயக்கி இணங்க வைக்கிற மாதிரி ஒரு சக்தியும் கொடுக்காதீர்கள். வசியம் எல்லாம் பழைய கதையில் செல்லும். இன்றைய வாசகிக்கு, அவள் முழு மனதோடு "சரி" என்றாளா என்பதில் சந்தேகம் வந்தால் காதலே போயிற்று. ஒருவேளை அந்தச் சக்தி அவனிடம் இருந்து, அதைப் பயன்படுத்த அவன் மறுத்தால், அது வேறு அழகு.

பாரம்16

வெளியீட்டுக்கு வருவோம். முதலில் நீளம். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்வதால் அதே கதைக்குச் சொல் எண்ணிக்கை ஆங்கிலத்தைவிடக் குறையும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் 54,000 என்பது ஆங்கிலத்தில் 80,000 அளவுக்கு வரும், அங்கே இந்த வகைக்கு அது வழக்கமான நீளம்தான். இப்போது உங்கள் அத்தியாயம் சராசரி 1,940. இனி வரும் 14ஐ 1,650 அளவில் வைத்தால் மொத்தம் 54,000. டெமி என்கிற வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்கு 225 சொல், 240 பக்கம், சரியாக 15 பாரம். 16 பக்கம் ஒரு பாரம் என்பதால் 243 பக்கம் வந்தால் 13 பக்கம் வெற்றுத்தாளுக்குக் காசு கொடுப்பீர்கள். கடைசி மெய்ப்பில், அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும்போது, அந்த மூன்று பக்கத்தை இறுக்குவது எளிது.

சென்னை வழி. ஜனவரிப் புத்தகக் காட்சியைச் சுற்றியே அங்கே எல்லாம் நடக்கும். ஆகஸ்டுக்குள் முழுப் பிரதி கையில் இருந்தால் செம்மை, பக்கவடிவம், இரண்டு முறை மெய்ப்பு, அச்சு எல்லாம் நிதானமாக முடியும். நவம்பரில் அனுப்பினால் மெய்ப்புதான் பலியாகும். அனுப்பும்போது முழுப் பிரதி, முடிவையும் சொல்லிவிடும் ஒரு பக்கச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம் தனியாக. முடிவை ஒளித்து "படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று எழுதுவது பதிப்பாளரை எரிச்சலூட்டும். தமிழில் உரிமைத்தொகை (ராயல்டி) 10% என்பது பரவலான பேச்சு. ஒப்பந்தத்தில் அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை என்று ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்க வேண்டும். "அனைத்து உரிமைகளும்" என்று ஒரே வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பிரதி தீர்ந்து இத்தனை மாதத்துக்குள் மறுபதிப்பு இல்லையென்றால் உரிமை திரும்பும் என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். உங்களிடம் பணம் கேட்டால் அது அச்சுச் சேவை, பதிப்பு அல்ல. சேவையாக இருந்தாலும் தப்பில்லை, விலையையும் பிரதி எண்ணிக்கையையும் எழுத்தில் வாங்குங்கள்.

பிரதியை டர்பனுக்கு வரவழைப்பது கனமான காரியம், நிஜமாகவே. 70 ஜிஎஸ்எம் தாளில் 240 பக்கம் ஏறக்குறைய 275 கிராம். 100 பிரதி 27, 28 கிலோ. புத்தகத்துக்கு இங்கே 15% வாட் (மதிப்புக்கூட்டு வரி) உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கிண்டில் வழி. தமிழை அது மின்னூலாக மட்டுமே எடுத்துக்கொள்ளும், அதே தளத்தின் அச்சு வசதியில் தமிழ் கிடையாது. அச்சும் வேண்டுமென்றால் தனி ஏற்பாடு. 2.99 முதல் 9.99 டாலர் விலைக்கு உரிமைத்தொகை 70%, அந்த விலைக்கு வெளியே போனால் 35%. ஆனால் உங்கள் வாசகர் பெரும்பாலும் இந்தியக் கடையில் இருப்பார், அங்கே 70% வேண்டுமென்றால் 'செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைப்பூ உட்பட. 10% வரை மாதிரி வைக்கலாம். 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் நீங்கள்தான் குறியை எடுக்க வேண்டும். எழுத்திலோ அட்டைப்படத்திலோ செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது இருந்தால் ஏற்றும்போது கேட்பார்கள், மறைக்காதீர்கள்.

எழுத்துருவில்தான் அதிகம் கெடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றியபின் "ொ", "ோ" இரண்டு துண்டாகி நிற்கிறதா, "கௌ"வில் ஔகார நீட்டுக்குப் பதில் "ள" விழுந்திருக்கிறதா, துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் "ர" இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் சிக்காது. பிடிஎஃப்பை ஏற்றாதீர்கள், வேர்டு கோப்பு அல்லது இ-பப் என்கிற மின்னூல் கோப்பு. அச்சுக்கு இன்டிசைன் என்கிற பக்கவடிவ மென்பொருளில் வைப்பவரிடம் "வேர்ல்ட்-ரெடி கம்போசர்" போட்டாரா என்று கேளுங்கள். போடாவிட்டால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் போய் நிற்கும்.

ஆங்கிலத்தில் திருப்பி எழுதுவது தனி நாவல் எழுதுவதற்குச் சமம். தமிழில் வெளிவந்த பிறகு யோசியுங்கள், ஆனால் ஆங்கில உரிமையை இப்போதே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

போர்ட்லூயி_வாசகி

வரியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தென்னாப்பிரிக்கா, ரியூனியன், மொரீசியஸ் என்று நம் மூன்று ஊருக்கும் தனித்தனிக் கணக்கு. அமெரிக்கக் கடையில் விற்பதன் உரிமைத்தொகைக்கு அந்நாடு 30% பிடிக்கும். தென்னாப்பிரிக்காவுக்கு அவர்களோடு ஒப்பந்தம் இருக்கிறது, கிண்டில் கணக்கில் வரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித்துறை) கொடுத்த வரி எண்ணைப் போட்டு ஒப்பந்தச் சலுகையைக் கோரினால் 0%. ரியூனியன்காரர்கள் பிரான்சின் ஒப்பந்தத்தில் வருவதால் அவர்களுக்கும் 0. மொரீசியசுக்கு ஒப்பந்தம் இல்லை, முழு 30ம் போகும். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருந்து என்ன பயன்! டர்பன்காரர்கள் எண்ணைப் போடாமல் அவசரத்தில் அடுத்த பக்கம் போவதால்தான் வீணாகப் பணம் இழக்கிறார்கள்.

பாரம்16 சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நேராகக் கிண்டிலுக்குப் போகுமுன் பிரதிலிபி போன்ற தளத்தில் தொடராகப் போடுவது நல்லது. தமிழ்க் காதல் நாவல் வாசகிகள் அங்கேதான் கூட்டமாக இருக்கிறார்கள், எந்த அத்தியாயத்தில் விலகிப்போகிறார்கள் என்பது எண்ணிக்கையிலேயே தெரியும். வாரம் இரண்டு, நாள் மாறாமல். அத்தியாயக் கடைசியில் கேள்வியை விடுங்கள், பொய்க் கொக்கி வேண்டாம்.

பாரம்16

தொடரில் மூன்று ஆபத்து. முழுவதும் இலவசமாகக் கிடந்ததைச் சென்னையில் சிலர் எடுக்கத் தயங்குவார்கள். 'செலக்ட்' சேருமுன் அங்கிருந்து எல்லா அத்தியாயத்தையும் நீக்கியாக வேண்டும், நகலெடுத்து வேறு தளத்தில் யாராவது போட்டிருந்தால் அதற்கும் கேள்வி உங்களிடம்தான் வரும். இன்னொன்று, கருத்துப் பெட்டியில் "அவனைச் சாகவிடாதீங்க அக்கா" என்று நூறு பேர் எழுதினால் விலையைத் தள்ளுபடி செய்யக் கை ஊறும். தொடராகப் போடுவதென்றால் 30 அத்தியாயத்தையும் எழுதி முடித்துவிட்டு, முதல் 8ஐ மட்டும் போடுங்கள். விதி தெரிந்த இடத்தோடு நிறுத்தினால் மிச்சத்தைத் தேடி வருவார்கள்.

வெருலம்_கரும்பு

அப்படியே செய்கிறேன். ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) இங்கே வாங்குவதா, சென்னையிலா?

பாரம்16

யார் பதிப்பாளரோ அவர் நாட்டில். சென்னைப் பதிப்பகம் போட்டால் அவர்கள் இந்தியாவில் வாங்குவார்கள், நீங்கள் தனியாக வாங்கக் கூடாது. நீங்களே போட்டால் பிரிட்டோரியாவில் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. அச்சுக்கு ஒன்று, இ-பப்புக்கு வேறொன்று, ஒரே எண்ணை இரண்டுக்கும் போடாதீர்கள். கிண்டிலுக்கு மட்டும் என்றால் எண்ணே தேவையில்லை, அவர்களே ஓர் அடையாளக் குறி தருவார்கள். இங்கே அச்சிட்டு வெளியிட்டால் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி நூலகங்களுக்குச் சட்டப் பிரதி கொடுக்க வேண்டும். பிரிட்டோரியாவும் கேப்டவுனும் தவிர பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர நூலகமும் அந்தப் பட்டியலில் உண்டு, அந்தப் பிரதிகளையும் சேர்த்தே அச்சு எண்ணிக்கை சொல்லுங்கள். காப்புரிமைக்குப் பதிவு ஒன்றும் வேண்டாம், எழுதியதுமே உங்களுடையது. "பதிவு செய்து தருகிறோம்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அட்டைப்படம் 1600க்கு 2560 பிக்சல். கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தும் தலைப்பு படிக்க முடிகிறதா என்று பாருங்கள். தமிழில் நீளமான தலைப்புக்கு இரண்டு வரி போதாது, மூன்று ஆகும். நாயகனின் முகத்தைப் போடாதீர்கள், கரும்பும் தீயும் அந்த எண்ணும் இருக்கட்டும். அட்டையில் நிலா வந்தால் தெற்குவானத்திடம் ஒரு முறை காட்டிவிட்டு அனுப்புங்கள்.